வில்லியும் பலியானவளும்: தொடர்களைப் பெண்ணியப் பார்வையில் விமர்சிக்கத் தொடங்குபவர்களுக்கு

1997 மார்ச் 10 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ தொடங்கியது. ரத்தம் குடிக்கும் பேய்களான வேம்பயர்களை வேட்டையாடும் பஃபி என்ற பள்ளி மாணவியின் கதை. அதன் முதல் காட்சி இரவு நேரத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. ஒரு பையன் ஜன்னல் கண்ணாடியை உடைத்து ஒரு பெண்ணை உள்ளே கூட்டி வருகிறான். பொன்னிற முடி, பள்ளிச் சீருடை, மிரண்ட முகம். ஏதோ சத்தம் கேட்டது என்கிறாள். யாரும் இல்லை என்கிறான். யாருமே இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு திரும்புகிறாள். முகம் கோரமாக மாறியிருக்கிறது. அவன் கழுத்தில் பற்களைப் பதிக்கிறாள்.

பேய்ப்படம் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பெண் யாரென்று தெரியும். கதை சூடுபிடிக்கும் முன்பே சாகப்போகிறவள். இருட்டுச் சந்தில் கொல்லப்படும் அந்தப் பொன்னிறப் பெண் திருப்பி அடித்தால் என்ன ஆகும் என்ற எண்ணத்திலிருந்துதான் இந்தத் தொடரே பிறந்தது என்று அதை உருவாக்கிய ஜாஸ் வீடன் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தத் திருப்பம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் டார்லா என்ற அந்தப் பாத்திரம் பலியானவள் என்ற கூண்டைவிட்டு வெளியே வந்த கணத்திலேயே வில்லி என்ற கூண்டுக்குள் போய்விடுகிறாள். இரண்டுக்கும் நடுவே அவள் ஒரு மனுஷியாக நிற்க இடமே இல்லை. அவள் யார், எப்படி இப்படி ஆனாள் என்பதை நாம் அறிய 2000 நவம்பர் வரை, அதுவும் ‘ஏஞ்சல்’ என்ற கிளைத்தொடரின் இரண்டாம் சீசன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பேய், மாயம், அறிவியல் புனைவு, துப்பறியும் கதை என்று வகைமைக்குள் வரும் தொடர்களில் இந்த இரண்டு கூண்டுகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. வில்லிக்கு ஆசை இருக்கும், அந்த ஆசைக்குக் காரணம் இருக்காது. பலியானவளுக்குக் காயம் இருக்கும், காயத்துக்குப் பிறகு அவளுக்கென்று ஓர் ஆசை இருக்காது. ஒரு முழு மனுஷியை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தது போலத்தான். இதைக் கண்டுபிடிக்கவும் பிறருக்குப் புரியும்படி எழுதவும் பழகுவது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. கீழே வரும் உதாரணங்களில் கதை முடிவுகள் வெளிப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு எபிசோட் போதும்

முழுத் தொடரைப் பற்றி எழுத ஆசை வரும். வேண்டாம். ‘பஃபி’ 144 எபிசோடுகள், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 73. அத்தனையையும் ஒரே கட்டுரையில் தீர்ப்புச் சொல்லக் கிளம்பினால், “இந்தத் தொடர் பெண்ணுக்கு எதிரானது”, “இல்லை, பெண்ணுக்கு ஆதரவானது” என்ற இரண்டு வரிகளில் ஒன்றில்தான் போய் முட்டுவீர்கள். ஒரு எபிசோடை எடுங்கள். உங்களுக்குப் பிடித்த தொடரிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது; பிடித்தவற்றின் குறையைத்தான் நாம் பொறுமையாகப் பார்ப்போம்.

இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை கதைக்காக, குறிப்பு எழுதாமல். இரண்டாம் தடவை கையில் நோட்டுடன், முக்கியமான காட்சிகளின் நேரத்தைக் குறித்துக்கொண்டு. பின்னால் யாராவது “அப்படியெல்லாம் அதில் இல்லையே” என்று கேட்டால், இத்தனையாவது நிமிடத்தில் இருக்கிறது என்று காட்ட உங்களால் முடிய வேண்டும்.

பாலியல் வன்முறைக் காட்சிகளைப் பார்க்க முடியாதவர்கள் அவற்றைத் தாண்டிச் செல்லுங்கள். யாரையாவது முன்னதாகப் பார்க்கச் சொல்லி, காட்சி எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேதனையைச் சகித்துப் பார்த்தால்தான் விமர்சிக்கத் தகுதி என்று எந்த விதியும் கிடையாது.

அவளுக்கு என்ன வேண்டும்?

நோட்டில் முதலில் எழுத வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: இந்தப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும்? “அவளைக் கடத்துகிறார்கள்”, “அவள் கொல்லப்படுகிறாள்” என்பவை அவளுக்கு நடப்பவை. அவளே எழுவாயாக நின்று எதையாவது விரும்பும் வாக்கியம் வேண்டும். பல தொடர்களில் இந்த ஒரு வரியை எழுத முடியாமல் பேனா நிற்கும். நின்ற இடத்தில்தான் உங்கள் கட்டுரை தொடங்குகிறது.

‘ட்வின் பீக்ஸ்’ 1990 ஏப்ரலில், பிளாஸ்டிக்கில் சுற்றப்பட்டுக் கரை ஒதுங்கிய லாரா பால்மரின் உடலோடு தொடங்கியது. அந்த ஊரில் எல்லோருக்கும் அவளைப் பற்றிச் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. அவளைக் காதலித்தவர்கள், அவளுக்காக அழுபவர்கள், அவளை விசாரிப்பவர்கள் எல்லோருக்கும் ஆசைகள் உண்டு. அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை டைரியிலும் ஒலிநாடாவிலும் துணுக்குகளாகத் தேட வேண்டியிருக்கிறது. 1992இல் வந்த திரைப்படம் அவளுடைய கடைசி ஏழு நாட்களை அவள் பக்கமிருந்தே காட்டியபோதுதான், சொந்தத் தகப்பனின் வன்முறைக்குள் வாழ்ந்த ஒரு பெண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னவெல்லாம் முயன்றாள் என்பது தெரிந்தது. தொடரில் புதிராக இருந்தவள் படத்தில் ஆளானாள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் இதற்கு எனக்குத் தெரியவில்லை.

பலியாகிறவளுக்குச் சில நிமிடங்களே கிடைத்தாலும் அவளை முழு ஆளாக எழுத முடியும். ‘பஃபி’யின் ஆறாம் சீசனில், 2002இல் வந்த ஒரு எபிசோடில், வாரன் என்பவன் ஒரு கருவியால் தன் முன்னாள் காதலி கத்ரீனாவின் மனத்தை முடக்கித் தன் அடிமையாக்கப் பார்க்கிறான். அவனும் அவன் நண்பர்கள் இருவரும் அதுவரை கதையில் வேடிக்கைப் பாத்திரங்கள். காமிக்ஸும் பொம்மைகளுமாக வளராத பையன்கள். மயக்கம் தெளிந்த கத்ரீனா அவர்கள் முகத்துக்கு நேராக, இது விளையாட்டு இல்லை, வன்புணர்வு என்கிறாள். அவள் பெயரிட்டுச் சொன்னபிறகு அந்த மூவரையும் பார்த்து நம்மால் பழையபடி சிரிக்க முடியாது. அடுத்த சில நிமிடங்களில் அவள் கொல்லப்படுகிறாள். இருந்தும் அந்தச் செயலுக்குப் பெயர் வைத்தவள் அவளே, கதை அதை அவளிடமிருந்து பறிக்கவில்லை.

கேமரா யார் முகத்தில் நிற்கிறது?

அடுத்து ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியைப் பாருங்கள். வசனம் கேட்காதபோது, யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கப்படுகிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் ஹாலிவுட் படங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் முன்வைத்த ‘ஆண்நோக்கு’ என்ற கருத்தின் அடிப்படை இதுதான்: பார்ப்பது ஆணின் வேலையாகவும், பார்க்கப்படுவது பெண்ணின் வேலையாகவும் படச்சட்டகமே பிரித்துவைத்துவிடுகிறது. தொடர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது; வருடக்கணக்கில் நீளும் கதையில் நோக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஒரு தனிக்காட்சியை அளக்க இது நல்ல கருவி.

டிராகன்களும் அரியணைப் போர்களும் நிறைந்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் 2015 மே 17 அன்று ஒளிபரப்பான எபிசோடின் கடைசிக் காட்சியில், திருமண இரவன்று ராம்சே என்பவன் சான்சா என்ற பிரபு வீட்டுப் பெண்ணை வன்புணர்கிறான். அதே அறையில், அவளோடு ஒரே வீட்டில் வளர்ந்த தியான் என்பவனை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்கிறான். கேமரா தியானின் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அவன் அழுகிறான், நமக்குச் சான்சாவின் குரல் மட்டும் கேட்கிறது. வன்முறையை நேரடியாகக் காட்டாததற்காக அந்தக் காட்சியைப் பாராட்டியவர்கள் இருக்கிறார்கள். காட்டாமல் விட்டது சரிதான். அதற்குப் பதிலாக யாரைக் காட்டினார்கள் என்பது என் கேள்வி. அவளுக்கு நடக்கும் கொடுமை, சட்டகத்துக்குள் அவனுடைய வேதனையாகிவிடுகிறது. மூலநாவலில் அந்த இடத்தில் சான்சா இல்லவே இல்லை. அங்கே இருப்பவள் வேறொரு பெண். சான்சாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது தொடர் எழுதியவர்கள் எடுத்த முடிவு. அந்த வாரமே அமெரிக்கச் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில், இனி இந்தத் தொடரைப் பார்க்கப்போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது, அதே 2015 நவம்பரில் வந்த ‘ஜெசிக்கா ஜோன்ஸ்’. மெலிசா ரோசன்பெர்க் உருவாக்கியது. கில்கிரேவ் என்பவன் வாயால் சொன்னால் போதும், எவரும் எதையும் செய்துவிடுவார்கள். அவன் ஜெசிக்காவை வன்புணர்ந்ததைத் தொடர் காட்சியாகக் காட்டவே இல்லை. அதன் பின்விளைவைத்தான் காட்டுகிறது: தூக்கமின்மை, குடி, மனம் தடுமாறும்போது சிறுவயதுத் தெருக்களின் பெயர்களை முணுமுணுக்கும் பழக்கம். எட்டாம் எபிசோடில் அவள் அவனிடம் நேரடியாக அந்தச் சொல்லைச் சொல்கிறாள். ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்கியதும் நல்ல உணவு சாப்பிட்டதுமா வன்புணர்வு என்று அவன் கேட்கிறான். அந்தக் கேள்விக்கு நாம் அவள் முகத்தோடு நின்று பதில் தேடுகிறோம்.

காயத்தின் பலன் யாருக்கு?

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்தபிறகு கதை யாரைப் பின்தொடர்கிறது? அடுத்த பத்து நிமிடங்களில் யார் முடிவெடுக்கிறார்கள், யார் மாறுகிறார்கள், யாருக்குப் பழிவாங்கும் உரிமை வருகிறது?

1994இல் வந்த ‘கிரீன் லேன்டர்ன்’ காமிக்ஸ் இதழ் ஒன்றில், நாயகன் வீடு திரும்பும்போது அவன் காதலியின் உடல் ஃபிரிட்ஜுக்குள் திணிக்கப்பட்டிருக்கும். 1999இல், பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெயில் சிமோன், காமிக்ஸ்களில் இப்படிக் கொல்லப்பட்ட, ஊனப்படுத்தப்பட்ட, ஆற்றல் பறிக்கப்பட்ட பெண்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். நாயகனுக்கு ஒரு நோக்கம் தருவதற்காகப் பெண்ணைச் சாகடிப்பதை அன்றிலிருந்து விமர்சகர்கள் ‘ஃபிரிட்ஜிங்’ என்கிறார்கள்.

துக்கப்படுபவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ‘பஃபி’யில் வில்லோவும் டாராவும் காதலர்கள், அக்காலத் தொலைக்காட்சியில் நீண்ட நாள் நிலைத்த பெண் காதல் இணைகளில் அவர்கள் முக்கியமானவர்கள். பிரிந்திருந்தவர்கள் மீண்டும் சேர்ந்த மறுநாளே, 2002 மே 7 அன்று வந்த எபிசோடில், பஃபியைக் குறிவைத்து வாரன் சுட்டதில் குறிதவறிய ஒரு குண்டு ஜன்னல் வழியே வந்து டாராவைக் கொல்கிறது. டாராவாக நடித்த ஆம்பர் பென்சனின் பெயர் தொடக்கப் பெயர்ப்பட்டியலில் முதன்முதலாக வந்ததே அந்த எபிசோடில்தான். அடுத்த மூன்று எபிசோடுகளில், மந்திர சக்தி கொண்ட வில்லோ துக்கத்தால் வெறிபிடித்து, வாரனைக் கொன்று, உலகத்தையே அழிக்கக் கிளம்புகிறாள். ஒருத்தி பலியாகிறாள், அந்தப் பலியாலேயே இன்னொருத்தி வில்லியாகிறாள். இரண்டு கூண்டுகளும் ஒரே காட்சியில் நிரம்புகின்றன. ஒருபாலினக் காதலர்களுக்கு மரணமோ பைத்தியமோதான் முடிவு என்ற பழைய வழக்கத்துக்குத் தங்கள் அபிமானத் தொடரே திரும்பிவிட்டது என்று பல ரசிகைகள் எழுதினார்கள். அவர்கள் சொன்னது நியாயம் என்றே நான் நினைக்கிறேன், அந்த எபிசோடுகளின் நடிப்பும் எழுத்தும் எவ்வளவு வலுவானவை என்றாலும்.

இதே தொடரில் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவள் டுருசில்லா. பொம்மைகளோடு பேசும், வருங்காலம் தெரிந்த, பித்துப்பிடித்த வேம்பயர். அவளுக்கு ஏன் பித்துப்பிடித்தது என்பதை 1997இலேயே தொடர் சொல்லிவிடுகிறது: ஏஞ்சல் என்ற வேம்பயர் தன் பழைய கொடிய காலத்தில் அவள் குடும்பத்தைக் கொன்று, சித்திரவதை செய்து, கன்னிமாடத்துக்கு ஓடியவளை அவள் துறவறம் ஏற்ற நாளிலேயே வேம்பயராக்கினான். இதை நமக்குச் சொல்வது யார்? ஏஞ்சல். யாரிடம்? தன் காதலி பஃபியிடம். டுருசில்லாவின் காயம் அவன் குற்றவுணர்வுக்கு அளவுகோலாகிவிடுகிறது. அவன் மனம் வருந்தி நாயகனாக முடிகிறது. அவளுக்கு மிஞ்சுவது பித்து மட்டும். பலியானவளும் வில்லியும் அவள் ஒருத்தியேதான்; அவள் சார்பில் கதை ஒருமுறைகூடப் பேசவில்லை.

சான்சாவிடம் திரும்புவோம். 2019 மே 5 அன்று வந்த எபிசோடில், பழைய கொடுமைகளை நினைவுபடுத்தி ஒருவன் பேசும்போது, அந்தக் கொடுமைகளைச் செய்தவர்கள் இல்லாவிட்டால் நான் வாழ்நாளெல்லாம் சின்னப் பறவையாகவே இருந்திருப்பேன் என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். காயம்தான் அவளை வளர்த்தது என்று தொடர் அவள் வாயாலேயே கொடுமைக்காரனுக்கு நன்றி சொல்லவைக்கிறது. அவளைக் கற்க வைத்தது அவள் அறிவு, அவள் கவனம், அவள் பொறுமை என்று எட்டு சீசன்களில் நாம் பார்த்ததெல்லாம் அந்த ஒரு வசனத்தில் அடிபட்டுப்போகிறது. இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அடிக்கோடிடுங்கள்.

வில்லிக்குக் காரணம் கேளுங்கள்

வில்லியை நல்லவளாக்க வேண்டியதில்லை. பெண்கள் கொடியவர்களாக இருக்கக் கூடாது என்று கேட்பது பெண்ணியம் ஆகாது. அவளுடைய கொடுமைக்கு ஆண் வில்லனுக்குத் தரப்படும் அதே அளவு காரணமும் திட்டமும் சிந்தனையும் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

‘பஃபி’யில் 1998இல் வரும் ஃபெய்த், பஃபியைப் போலவே பேய்களோடு போராடப் பிறந்தவள். பஃபிக்கு வீடும் அம்மாவும் நண்பர்களும் உண்டு. ஃபெய்த் தங்குவது மலிவான மோட்டல் அறையில். தவறுதலாக ஒரு மனிதனைக் கொன்றபிறகு அவள் எதிரணிக்குப் போகிறாள். அங்கே அவளுக்கு ஒரு நல்ல வீடும், தகப்பன் போல அன்பு காட்டும் ஒருவனும் கிடைக்கிறார்கள். அவள் விலகிப்போனதில் வறுமைக்கும் தனிமைக்கும் எத்தனை பங்கு என்று கதை நமக்கு உணர்த்துகிறது. பின்னால் அவள் தானாகவே போலீசில் சரணடைந்து சிறைக்குப் போகிறாள், பிறகு திரும்பியும் வருகிறாள். ஆசை, காரணம், காயம், முடிவு எல்லாம் அவளிடமே இருக்கின்றன. நல்ல வில்லி எப்படி எழுதப்படுகிறாள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இவளைத்தான்.

இப்போது ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் டெனேரிஸ். அடிமைகளை விடுவித்தவள், ஏழு சீசன்களாக அரியணை நோக்கி வந்தவள். 2019 மே 12 அன்று, நகரம் சரணடைந்து மணி ஒலித்தபிறகும் அவள் தன் டிராகனால் நகரத்தை எரிக்கிறாள். அவளுடைய கொடுமைக்கு முன்கூட்டியே தடயங்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்த முடிவை எடுத்தபிறகு, அந்த எபிசோடில் கேமரா அவள் முகத்தை நெருங்குவதே இல்லை. மேலே டிராகன், கீழே எரியும் தெருக்கள், மற்றவர்களின் திகைப்பு. அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு இடமில்லை. தகப்பனின் பைத்தியம் மகளுக்கும் வந்துவிட்டது என்று மற்றவர்கள் பேசியது மட்டும் நம்மிடம் மிஞ்சுகிறது. அடுத்த வாரம் காதலன் கையால் செத்துப்போகிறாள். அதிகாரத்தை விரும்பும் பெண்ணின் ஆசையை நோயாக மாற்றுவது மிகப் பழைய வழக்கம். இலக்கிய விமர்சகர்களான சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் கூபரும் 1979இலேயே, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியம் பெண்ணைத் தேவதை, அரக்கி என்ற இரண்டு உருவங்களுக்குள் அடைத்ததை விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஆண் வில்லனையும் இதே தராசில் நிறுத்துங்கள். கில்கிரேவின் பெற்றோர் சிறுவயதில் அவன்மீது வலிமிகுந்த சோதனைகள் செய்தார்கள் என்று ‘ஜெசிக்கா ஜோன்ஸ்’ சொல்கிறது. ஆனால் அதைச் சாக்காக ஏற்க ஜெசிக்கா மறுக்கிறாள். காரணத்தைக் காட்டிவிட்டு மன்னிப்பை மறுப்பது எப்படி என்பதற்கு அந்த இடம் நல்ல உதாரணம்.

எந்தப் பெண்?

பெண் என்று பொதுவாக எழுதினால் பாதி விஷயம் தப்பிவிடும். ‘பஃபி’யில் கென்ட்ரா கறுப்பினப் பெண், பஃபிக்குச் சமமான வீராங்கனை. சில எபிசோடுகளிலேயே, 1998இல், டுருசில்லா கையால் சாகிறாள். அவள் சாவு ஃபெய்த்தின் வருகைக்கு வழிவிடுகிறது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட மிசாண்டே, 2019 மே 5 எபிசோடில் மறுபடி விலங்கிடப்பட்டுத் தலை வெட்டப்படுகிறாள். அந்தச் சாவு டெனேரிஸின் கோபத்துக்கு எரிபொருள். வெள்ளைப் பெண் ஒருத்தி வில்லியாக மாற, கறுப்பினப் பெண் ஒருத்தி பலியாக வேண்டியிருக்கிறது. சினிமாவில் தங்களைப் போன்றவர்கள் இல்லாமலோ இழிவாகவோ காட்டப்படுவதைக் கண்ட கறுப்பினப் பெண்கள், எதிர்த்துப் பார்க்கும் ஒரு பார்வையை வளர்த்துக்கொண்டார்கள் என்று கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் 1992இல் எழுதினார். சாகிறவள் யார் நிறம், யார் வர்க்கம், யாரைக் காதலிப்பவள் என்பதை உங்கள் நோட்டில் தனி வரியாகவே எழுதுங்கள்.

எழுதியவர், இயக்கியவர் பெயர்களையும் குறியுங்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் 73 எபிசோடுகளில் பெண் இயக்கியவை 4. அவை நான்கும் மிஷெல் மக்லாரன் இயக்கியவை. எழுத்தாளர் இடத்தில் பெண் பெயர் வருவதும் 4 எபிசோடுகளில்தான். 2018இல் வந்த ‘ஜெசிக்கா ஜோன்ஸ்’ இரண்டாம் சீசனின் 13 எபிசோடுகளையும் பெண்களே இயக்கினார்கள். இந்த எண்களைச் சாட்சியாக வையுங்கள், தீர்ப்பாக வைக்காதீர்கள்.

எதிர்க்கேள்விகள்

“இடைக்காலத்தில் பெண்களுக்கு அப்படித்தான் நடந்தது” என்பார்கள். டிராகன்களைக் கற்பனை செய்தவர்கள் எதைக் காட்டுவது, யார் முகத்தில் கேமராவை வைப்பது என்பதையும் தேர்ந்தெடுத்தவர்களே. “ஆண்களும்தானே சாகிறார்கள்” என்பார்கள். சாகிறார்கள், பெரும்பாலும் போராடி, ஏதோ ஒன்றுக்காக, கடைசிச் சொல்லோடு சாகிறார்கள். அதே எபிசோடில் ஓர் ஆணின் சாவையும் ஒரு பெண்ணின் சாவையும் அருகருகே வைத்துக் காட்டினாலே போதும். “பெக்டெல் சோதனையில் தேறிவிட்டதே” என்றும் வரும். 1985இல் அலிசன் பெக்டெலின் சித்திரக்கதையில் தோன்றிய அந்தச் சோதனை, இரண்டு பெண்கள் ஆணைத் தவிர வேறெதையாவது பேசுகிறார்களா என்று மட்டும் பார்ப்பது. யார் காயம் யாருக்குப் பயன்படுகிறது என்று அதனால் சொல்ல முடியாது.

எழுத உட்காரும்போது

ஒரு காட்சியின் விவரிப்போடு தொடங்குங்கள், கருத்தோடு தொடங்காதீர்கள். எந்த எபிசோட், எப்போது வந்தது, யார் என்ன செய்கிறார்கள் என்று ஐந்தாறு வரி. பிறகு உங்கள் வாதத்தை ஒரே வாக்கியத்தில் வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குச் சான்று. வன்முறையை விவரிக்கும்போது தேவைக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். கேமராவிடம் நாம் கண்ட குற்றத்தை நம் பேனா செய்யக் கூடாது. “கற்பழிப்பு” என்று எழுதாதீர்கள். வன்புணர்வு, பாலியல் வன்முறை என்றே எழுதுங்கள். தொடரில் சரியாக அமைந்த ஓர் இடத்தையாவது குறிப்பிடுங்கள், அப்போதுதான் எது வேண்டும் என்று கேட்கிறீர்கள் என்பது புரியும்.

முதல் முயற்சிக்கு 600 முதல் 800 சொற்கள் போதும். ஆங்கிலத் தொடர் பழக்கமில்லாதவர்கள் 2022 டிசம்பரில் வந்த தமிழ்த் தொடரான ‘வதந்தி’யை எடுக்கலாம். எட்டு எபிசோடுகள். கொலையான வெலோனி என்ற இளம்பெண்ணைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லும் கதைகளின் வழியே அது நகர்கிறது. அதில் ஒரு எபிசோடை மட்டும் எடுத்து, வெலோனியைப் பற்றி வரும் ஒவ்வொரு காட்சியையும் யார் சொல்கிறார்கள் என்று இடப்பக்கமும், அந்தக் காட்சியில் அவளே விரும்பிச் செய்வது என்ன என்று வலப்பக்கமும் குறித்துக்கொண்டு வாருங்கள். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் இடங்களைப் பற்றி முதலில் எழுதுங்கள்.